மச்சான் பெயரில் மூழ்கிய படகு

அந்தப் படகு என் மச்சானால் மூழ்கவில்லை. என்னால் மூழ்கியது. இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது. இத்தனைக்கும் நான் முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் நின்று பேசிப் பிழைத்தவன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பஸ் டிப்போவில் டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் பார்த்து அனுப்பிய பஸ் வழியில் நின்றதாக எங்கள் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தியவன். நான் கைவைத்து எதுவும் கெட்டுப்போனதாகவும் யாரும் சொன்னதில்லை. நான்தான் எதிலும் கைவைக்காமல் கரும்பலகையோடு நின்றுகொண்டேனே.

கடலே இல்லாத திருவண்ணாமலைக்குப் படகு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இங்கே வருகிறவர்கள் எதையாவது துறக்க வருகிறார்கள். செங்கம் சாலைப் பக்கம் வாடகை அறையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். காலையில் காபி குடிக்கும் இடத்தில் பழக்கமானார். புதுச்சேரியில் ஒரு பழைய மர மோட்டார் படகை வாங்கி, கரையோரமாகத் தெற்கே போகத் திட்டமிட்டிருந்தவர், இரண்டு நாள் மலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து இரண்டு வருடமாக இங்கேயே இருந்தார். ஒருநாள், எல்லாவற்றையும் விட்டுவிடப் போவதாகச் சொன்னார். எல்லாம் என்பது ஒரு படகும் ஒரு லேப்டாப்பும். லேப்டாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் படகு என்றார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுபத்தொரு வயதில் ஒருவன் அப்படிச் சொன்னதற்கு, காபி நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த காலி மனையில், கிரிவலப் பாதைக்கு நேராக, அதை லாரியிலிருந்து இறக்கினோம். இருபத்தாறு அடி நீளம். உள்ளே இரண்டு பேர் படுக்கும் அறை, தம்ளர் கழுவும் அளவுக்கு ஒரு தொட்டி, பித்தளை விளக்குகள், ஓடாத டீசல் இன்ஜின். நான் அதை உல்லாசப் படகு என்றேன். என் மனைவி சுற்றிவந்து பார்த்துவிட்டு, "உல்லாசம் எந்தப் பக்கம் இருக்குது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அது 'அந்தக் கட்ட'.

பௌர்ணமி வந்ததும் வேறு வகைச் சிக்கல். இரவும் பகலுமாக மலையைச் சுற்றுகிறவர்கள் படகைப் பார்த்து நின்றார்கள். "தெப்பத்துக்குப் புதுசா செய்றாங்களா?" என்று கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. ஓர் அம்மாள் என் பதிலைக் கேட்கவே இல்லை. படகின் மூக்கில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, அடியில் கற்பூரம் கொளுத்திவிட்டுப் போனாள். காய்ந்த மரம், பக்கத்தில் டீசல் கேன். நான் அலறி அடித்துக்கொண்டு செருப்பால் அணைக்க ஓடினேன்.

"மாமா, கற்பூரத்த செருப்பால மிதிக்காதீங்க. அவங்க நல்லதுக்குத்தான் வெச்சாங்க" என்றான் மச்சான், இன்ஜினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். இன்ஜினும், பின்பக்கம் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகும் ஷாஃப்டும் அவன் பொறுப்பு. மரமும் பெயின்ட்டும் என் பொறுப்பு. அவன் இன்ஜினைக் கழற்றி ஒரு பழைய இரும்புக் கட்டிலின்மேல் பரப்பி, ஒவ்வொன்றாக டீசலில் கழுவினான். ஐந்து வாரத்தில் அது ஓடியது. ஷாஃப்ட் போகும் துளையில் கிரீஸ் தோய்த்த கயிற்றைச் சுற்றி, நட்டை இறுக்கி, "ரொம்ப இறுக்கக் கூடாது மாமா. சொட்டு சொட்டா தண்ணி வரணும், அப்பதான் ஷாஃப்ட் சூடாவாது. ஜாஸ்தி வந்தாலும் தப்பு, வராம இருந்தாலும் தப்பு" என்றான். இதை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

என் பொறுப்பில்தான் வம்பு இருந்தது. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்ததால் பலகைகள் சுருங்கி, இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி. மச்சான் அதைப் பார்த்துவிட்டு உடனே சொன்னான்.

"கோடையில மாட்டு வண்டிச் சக்கரம் காஞ்சி இரும்புப் பட்டா கழண்டா என்னா பண்ணுவோம்? கொளத்துல தள்ளிடுவோம். ஊறி உப்பிடும். இதுக்கும் அதேதான். கோணிய போத்தி ஒரு மாசம் தண்ணி ஊத்துங்க. அதுவா மூடிக்கும். மூடாத எடத்துக்கு மட்டும் பஞ்சு வெப்போம்."

"இது மாட்டு வண்டி இல்ல மச்சான். இதுக்கெல்லாம் முறை இருக்குது."

"மரத்துக்குத் தெரியுமா மாமா, அது வண்டியா கப்பலானு?"

எனக்குச் சுருக்கென்றது. மெக்கானிக்கல் படித்தவனுக்கு மாட்டு வண்டி உதாரணமா என்று. ஆனாலும் சரி, ஊற்றுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவன் பேத்தியின் காதுகுத்துக்காக ஓசூருக்கு மகள் வீட்டுக்குப் போனான். ஒரு மாதம் தங்கிவிட்டான். கூடப் போன என் மனைவியும் அவனோடுதான் திரும்பினாள்.

நான் நான்கு நாள் தண்ணீர் ஊற்றினேன். இடுப்பு வலித்தது. ஐந்தாம் நாள் டவுனுக்குப் போய், இரண்டு டப்பாவில் வரும் பசையை, கலந்து பூசினால் கல்லாக இறுகிவிடுமே, அதை வாங்கிவந்து, எல்லா இடைவெளியிலும் அடைத்தேன். தேய்த்தேன். மேலே நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

ஓசூரிலிருந்து திரும்பியவன் பலகையைத் தட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"நல்லா மூடிக்கிச்சே! எத்தன நாள் மாமா ஊத்துனீங்க?"

"தினமும்" என்றேன்.

இதுதான் அந்தப் பொய். ஒரு சொல். பெயின்ட் இருந்ததால் அவன் சுரண்டிப் பார்க்கவில்லை. நான் சொன்னதால் சந்தேகப்படவும் இல்லை.

அந்த வருடம் ஐப்பசி மழையில் பக்கத்து ஊர் ஏரி நிரம்பியது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, டிராக்டர் டிரெய்லரில் படகை ஏற்றி, துணி துவைக்கும் துறைக்குக் கொண்டுபோனோம். பூசணிக்காய் உடைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் வைப்பதில்தான் தகராறு. படகுக்குச் சக்கரம் இல்லை. டிராக்டர்காரர், "என் வண்டிக்கு வெச்சா புண்ணியம் எனக்குத்தான் வரும், பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று அவர் சக்கரத்தின் கீழேயே வைத்தோம். பின்னால் நடந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

படகு மிதந்தது. மச்சான் இன்ஜினைக் கிளப்பினான். கரையிலிருந்தவர்கள் விசில் அடித்தார்கள். மலையைப் பார்த்தபடி ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினோம். என் மனைவி முன்னால் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என்னங்க, உல்லாசம் இந்தப் பக்கந்தான் போல" என்றாள். மச்சான் பின்பலகையைத் திறந்து ஷாஃப்டைக் காட்டினான். நிமிடத்துக்கு மூன்று சொட்டு. சரியாக மூன்று. மாலையில் கரையில் ஒரு பனைமரத்தில் கட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் மதியம் போனபோது ஏரியில் அறையின் கூரை மட்டும் தெரிந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நின்றிருந்தது.

கரையில் இருபது பேர். "எப்படி சார் முழுகிச்சு?" என்று யாரோ கேட்டார்கள். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஊறிய பலகைக்கு உப்ப இடம் வேண்டும். அந்த இடத்தை நான் கல்லால் அடைத்து வைத்திருந்தேன். இரவெல்லாம் அது முட்டி முட்டிப் பலகையையே கழற்றியிருக்கும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"பின்னாடி ஷாஃப்ட் போற ஓட்ட இருக்குது இல்ல, அங்கதான் லூசாயிருக்கும்."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். மறுப்பான் என்று நினைத்தேன். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். பிறகு, "நட்ட ஒரு சுத்து கம்மியா வெச்சிட்டனோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அவன் என்னை நம்பிவிட்டான். தன்னை நம்பவில்லை.

இரண்டு நாள் கழித்துப் படகை இழுத்துக் கரைசேர்த்தபோது அவன் வரவில்லை. அடியில் இரண்டு பலகைகள் ஆணியோடு பிதுங்கி நின்றன. இழுத்த இழுப்பில் பிதுங்கியது என்று கூட இழுத்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை. நடுவே என் பசை அசையாமல், வெள்ளையாக, பொய்ப்பல் செட் மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகத் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிறு கட்டினேன்.

எங்கள் தெருமுனை டீக்கடையில் மச்சான் பெயர் உருண்டது. "ஆயிரம் பஸ்ஸ ஓட வெச்சவரு, ஒரு ஓட்டய அடைக்கத் தெரியலயே" என்பார்கள். பம்புசெட் கெட்டால் அவன் வீட்டுக்கு ஓடிவந்தவர்கள் வேறு ஆளைத் தேடினார்கள். நான் அதே கடையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு டீ குடித்தேன். வீட்டில் என் மனைவியும் தம்பியைத் திட்டினாள். "அவரு ஒத்த ஆளா ஒரு மாசம் தண்ணி ஊத்துனாரு. நீ ஒரு நட்ட ஒழுங்கா இறுக்கல" என்று அவள் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அடுத்த அறைக்குப் போய் ஃபேனைப் போட்டுக்கொண்டேன்.

எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் காலை அவள் மார்க்கெட்டிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"தம்பியோட மொபெட் மெக்கானிக் கடயில நிக்குதுங்க."

"அதுக்கென்ன?"

"அவன் வண்டிய வேற ஒருத்தன் தொட்டு நான் பாத்ததில்ல. ஏன்டானு கேட்டா, எனக்குக் கை சரியில்ல அக்கான்றான்."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. நான் கெடுத்தது ஒருவனின் பெயரை என்று நினைத்திருந்தேன். அது போதாதென்று கையையும் எடுத்துவிட்டேன்.

அவன் வீட்டுக்குப் போய் அவனை மனைக்கு அழைத்துவந்தேன். தார்ப்பாயை அவிழ்த்தேன். அவன் குனிந்து பார்த்தான். பிதுங்கிய பலகைக்கு நடுவே விரலை விட்டுப் பசையைத் தட்டினான். டொக் டொக் என்றது. பிறகு பின்பக்கம் போய் ஷாஃப்ட் நட்டைப் பிடித்து அசைத்தான். அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து நட்டின் துருவைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

"நாலு நாள்தான் ஊத்துனேன் மச்சான்" என்றேன். "மீதி பசை. உன்கிட்ட பொய் சொன்னேன். ஏரியில தெரிஞ்சே உன்மேல போட்டேன்."

"எட்டு மாசம் மாமா."

"ஆமா."

"நான் மறுபடி ஓசூருக்குப் போனப்பகூட நட்டப் பத்தியே நெனச்சிட்டிருந்தேன். சாப்பிடறப்பக்கூட."

அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, டீக்கடைக்குப் போலாம்" என்றான்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். முடித்து உட்காரப் போனேன். அப்போது டிராக்டர்காரர் உள்ளே வந்தார்.

"மாமா, இவருக்கு இன்னொரு வாட்டி" என்றான் மச்சான்.

இன்னொரு முறை சொன்னேன். பிறகு பால்காரர் வந்தார். அவருக்கும். மூன்றாம் முறை நான் 'கொஞ்சம் பசை' என்று ஆரம்பித்ததும், "கொஞ்சமா? ரெண்டு டப்பா!" என்று திருத்தினான். "வாத்தியாருக்கே இம்போசிஷனா!" என்று யாரோ சொல்ல, கடை முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஆனால் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. என் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன நான் போன்ல திட்டினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்து ரூம்ல."

அவள் இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு, நான்கு தெரு தள்ளியிருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றாள். மன்னிப்புக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் மாலை மச்சான் போன் செய்தான்.

"மாமா, சாப்டீங்களா?"

"ஆச்சு."

"என்னா?"

"உப்புமா."

"காலையில?"

"அதுவும் உப்புமாதான்."

அந்தப் பக்கம் அவன் போனை மூடிக்கொண்டு யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. திரும்பி வந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசினான்.

"நாளைக்கு மேட்டுக் கொல்லையில ஒரு பம்புசெட் பாக்கச் சொல்லி கூப்ட்ருக்காங்க. உங்ககிட்ட பெரிய பைப் ரெஞ்ச் இருக்குது இல்ல, அது வேணும்."

என் குரல் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. "நானே எடுத்துட்டு வரேன் மச்சான். கூடவே இருந்து பிடிச்சிக்கவும் செய்றேன்."

"வேணாம் மாமா. ரெஞ்ச் மட்டும் போதும். கேட்டுல மாட்டி வைங்க, நான் எடுத்துக்கறேன்."

பின்னால் என் மனைவி சிரிப்பது கேட்டது. அதை அடக்க முயன்று தோற்று அவனும் சிரித்துவிட்டான். இருவரும் சிரித்து முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு போய் ரெஞ்சைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணிப்பையில் வைத்து, கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன்.