குவைத் என்று எழுதிய கிரீஷ்

ருக்மிணிக்குக் கோபம் வந்தால் முதலில் கையுறையைக் கழற்றுவாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸ். மகளோடு இருக்க அமெரிக்கா வந்தவள், இங்கும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, பிளெய்ன்ஸ்பரோவில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள்.

1998-ல் அவள் பொறுப்பில் வந்தவர் சுந்தரராமன், ஓய்வுபெற்ற சிவில் எஞ்சினியர். பக்கவாதம் அவருடைய இடக்கையையும் ஆங்கிலத்தையும் எடுத்துக்கொண்டு தமிழை மட்டும் விட்டுவைத்தது. குளிப்பாட்டும்போதெல்லாம் ஒரே பேச்சு.

"சிஸ்டர், லிபியாவுல, கடலோரம் லெப்டிஸ்னு ரோமர் காலத்து ஊர். அந்த ஊர்ல பொறந்தவன் ரோமுக்கே சக்கரவர்த்தி ஆயிட்டான். பெரிய துறைமுகம் கட்டினான். எங்க? ஆத்து வாயில! மண்ணு சும்மா விடுமா? தூர்ந்துபோச்சு. மேல மணல் மூடிச்சு. மிச்சத்தூணை பிரெஞ்சுக்காரன் கப்பல்ல ஏத்திட்டான். வெள்ளிக்கிழமை லீவுன்னா நான் அங்கதான்."

பரிசோதனைக்குப் போனபோது டாக்டர், "எங்கே வேலை பார்த்தார்?" என்று கேட்டார். சுந்தரராமன் "லிபியா" என்று ஆரம்பித்து துறைமுகம் வரை போனார். மகன் கிரீஷ் குறுக்கே புகுந்தான். "குவைத், டாக்டர். அப்பா எதையோ குழப்பிக்கிறார்." ஆஸ்பத்திரிப் படிவத்திலும் குவைத் என்றே எழுதியிருந்தான். டாக்டர் பேனாவை எடுத்தார். நினைவு தப்பியவர்களைப் பூட்டி வைத்துப் பார்க்கும் இல்லம் என்று எழுதினார். அடுத்த திங்கட்கிழமை சேர்க்க வேண்டும்.

அந்த வாரமே ருக்மிணி, அவர் சொன்னதைத் தினம் குறித்து வைத்த தன் நோட்டைப் புரட்டினாள். புத்தி கலங்கியவர் கதையை நாளுக்கு நாள் மாற்றுவார். அதை அவள் நூறு பேரிடம் பார்த்திருக்கிறாள். இவரோ இரண்டு மாதத்தில் ஒரு சொல் மாற்றவில்லை. அவரிடம் பென்சில் கொடுத்தாள். வலக்கையால் துறைமுகம், கலங்கரை விளக்கம், பாம்பைத் தலைமுடியாக வைத்த பெண்முகங்கள் என்று வரைந்தார். தாளை மடித்து நூலகத்துக்குப் போனாள். புத்தகத்தில் அதே துறைமுகம், அதே முகங்கள்.

சாயங்காலம் வேலை விட்டு வந்த கிரீஷ் முன்னால் புத்தகத்தை விரித்தாள்.

"தம்பி, இது குவைத்தா?"

அவன் மனைவியைப் பார்த்தான். ஷ்யாமளாதான் வாயைத் திறந்தாள். "ஆண்ட்டி, லிபியான்னு சொன்னா, பிளேன்ல குண்டு வெச்ச நாடுன்னு இங்க எப்படிப் பார்ப்பாங்கன்னு தெரியாதா? எங்க கிரீன் கார்டு வர்ற நேரம். எல்லார்கிட்டயும் குவைத்னு சொல்லிச் சொல்லியே பழகிட்டோம்."

"பழகிட்டீங்க! உங்களுக்குச் சொல்லக் கூச்சம்னு, நல்ல புத்தி இருக்கிற மனுஷனைப் பைத்தியம்னு எழுத வெச்சுட்டீங்க. ஏழு வருஷம் பாலைவனத்துல வெந்து உங்களைப் படிக்க வெச்சாரே, அந்த ஊர் பேரைச் சொல்ல நாக்கு வராதா?"

"டாக்டர் ஏற்கெனவே எழுதிட்டாரே, ஆண்ட்டி."

"எழுதினதை அடிக்க முடியும். நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க."

மறுநாள் டாக்டர் அறையில் ருக்மிணி கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "தம்பி, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அப்பா வரைந்த தாளையும் நூலகப் புத்தகத்தையும் கிரீஷ் டாக்டர் பக்கம் நகர்த்தினான். "லிபியா, டாக்டர். நான்தான் தப்பா எழுதினேன்."

டாக்டர் படத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அவனை விட்டுவிட்டு நேரே பெரியவரிடம் திரும்பி, அந்த ஊர் ஏன் அழிந்தது என்று கேட்டார். சுந்தரராமன் நாற்காலியில் நிமிர்ந்தார். பத்து நிமிஷம் ஆறு, மண், அணை. கிரீஷ் மொழிபெயர்த்தான். மூச்சு வாங்க அவன் நிறுத்தியபோதெல்லாம் ருக்மிணி கேட்டாள்: "மிச்சம்?"