கொடை மேளமும் கடல் சாமந்தியும்

2024 மே 7, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. வெயில் கொளுத்தியது, இலை அசையவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைக்குக் கட்டிய ஆறு குழாய் ஒலிபெருக்கிகளில் ஒன்று, எங்கள் கூடத்துக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தபடி முழங்கத் தொடங்கியது.

தொட்டியில் இருந்தது மகனின் கடல் சாமந்தி, பூப்போல் விரியும் கடற்பிராணி. வேலை விஷயமாகப் பதினோரு நாள் துபாய் போனவன், அதை உயிரோடு திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தான். நான் ஓய்வுபெற்ற கணக்காசிரியன். அதைப் பற்றிய கட்டுரை ஒன்றில் முதல் மூன்று பக்கம் படித்தேன். அதன் கொட்டும் உயிரணுக்களில் மெல்லிய மயிர்கள் உண்டு. நீரதிர்வு பட்டால் உள்ளே சுருண்டிருக்கும் ஊசி பாயும். ஓர் உயிரணு ஒரு முறைதான் கொட்டும். நையாண்டி மேளமோ நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு அடி. மாலைக்குள் ஊசியெல்லாம் தீர்ந்துவிடும் என்று கணக்கு வந்தது.

விழாக் குழுத் தலைவரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அம்மனுக்குக் கொட்டாம இருக்க முடியுமா சார்வாள்? நீங்க சொல்லுதியன்னு ஒரு குழாய மட்டும் திருப்பிருதோம். கோயில் வரிக்கு மேல பாத்துச் செய்யுங்க.”

இரண்டாயிரத்து ஒன்று செய்தேன். குழாய் திரும்பியது. அந்த நன்கொடைக்கு மீதி ஐந்து குழாயிலும் பதினேழு முறை நன்றி சொன்னார்கள்.

இனி என் கைக்கெட்டிய அதிர்வையாவது குறைக்கலாம் என்று தொட்டியில் நீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்தினேன். அதுவும் ஓயாமல் அதிர்ந்துகொண்டுதானே இருந்தது.

மறுநாள் காலை சாமந்தி கூழாகிக் கிடந்தது. தண்ணீர் நாறியது.

“மோட்டார நிப்பாட்டிட்டியள, அது எதால மூச்சு விடும்?” என்றாள் மனைவி.

பிறகுதான் நாலாம் பக்கம் படித்தேன். வெறும் அதிர்வுக்கு அது எளிதில் கொட்டாதாம். இரையின் மேலுள்ள வழவழப்பில் இருக்கும் சர்க்கரைப் பொருள் பட்ட பிறகுதான் அந்த மயிர்கள் நீண்டு, நீந்தும் இரையின் அதிர்வுக்குச் சுருதி சேருமாம். மேளக்காரர் யாரும் தொட்டிக்குள் நீந்தவில்லை.

மதுரைக்குப் போய் வேறொன்றும், புதுத் தண்ணீரில் கலக்கக் கடலுப்பும் வாங்கி வந்தேன். பழையது பழுப்பு, கடையில் பச்சைதான் இருந்தது. மகன் வந்து, பெட்டியை இறக்காமலே தொட்டியைப் பார்த்தான்.

“எப்பம்பா செத்துது?”

“புதன்கிழமை” என்றேன். மணியைச் சொல்ல வாயெடுத்தேன், அவன் கேட்கவில்லை.

நன்கொடை, பேருந்து, கடலுப்பு, பச்சை சாமந்தி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து எண்ணூற்று அறுபத்தொரு ரூபாய்.