பல்செட்டுக்காரரின் நீலத் தாள்

விசைப்பலகையின் வெள்ளைப் பொத்தான்களின் மேல் நீலத் தாளைப் பட்டை பட்டையாக விரித்துவிட்டு, "ம், அடிங்க" என்றார். என்ன அடிப்பது என்று கேட்டேன். "எதையாவது. யார்மேலயாவது கோவம் இருக்குமில்ல, அதை அடிங்க." வாடகை வீட்டின் சொந்தக்காரருக்கு எழுத வேண்டிய கடிதம் ஒன்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது. மளமளவென்று ஒரு பக்கம் அடித்தேன்.

அவர் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட்டுக்காரர்தான். நீலத் தாள் பல்லுக்கானது. புதுப் பல் கட்டியதும் தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னால், எங்கே இடிக்கிறதோ அங்கே மை ஒட்டும். எந்தப் பொத்தானில் விரல் எவ்வளவு அழுந்துகிறது என்று பார்க்க, அதையே அவர் விசைப்பலகைக்கும் திருப்பிவிட்டார். பட்டறையின் ஒரு மேஜையில் பிளாஸ்டர் தாடைகள். மறு மேஜையில், பாகம் பாகமாக வாங்கி அவர் கையாலேயே பூட்டும் விசைப்பலகைகள். நான் போனது எனக்குக் கட்டப்போகும் முன்பல்லுக்கு நிறம் பார்க்க. எதிலும் மூக்கை நுழைக்கும் பழக்கத்தால் மறு மேஜையில் மாட்டிக்கொண்டேன்.

தாளை உரித்தெடுத்து, பொத்தான்களில் விழுந்திருந்த புள்ளிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "வலது பக்கம் இருக்கிற நம்பர் கட்டத்தை நீங்க தொடவே இல்ல. இடத்தை அடைச்சுக்கிட்டு அது எதுக்கு? உங்களுக்குச் செய்யறதுல தூக்கிடலாம். அம்புக்குறி நாலும் இருக்கட்டும்." சட்டைப் பையிலிருந்து கம்பி இடுக்கியை எடுத்து ஒரு பொத்தானின் மூடியைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே சின்னதாக ஒரு ஸ்விட்ச். "மூடி ஒருத்தன் செய்வான், ஸ்விட்ச் ஒருத்தன், அடிப்பலகை ஒருத்தன். மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்ததே கிடையாது. சேத்து வைக்கிறது என் பாடு." ஒருமுறை ஆசைப்பட்டு வரவழைத்த மூடிகளில் வலப்பக்க ஷிப்ட் பொத்தானுடையது மட்டும் அரை விரல் கூடுதல் நீளமாக இருந்ததாம். சின்னப் பலகையில் அது உட்காரவே இல்லை. அளவான அந்த ஒரு மூடிக்காக நான்கு மாதம் காத்திருந்தார். "பல்லா இருந்தா ராவியிருப்பேன்" என்று இன்றுவரை அலுத்துக்கொள்கிறார்.

சத்தம் அவருக்கு ஆகாது. "சத்தமா மெல்லுற வாயும் சத்தம் போடற கீபோர்டும் ஒண்ணுதான்" என்பார். ஒவ்வொரு ஸ்விட்சையும் பிரித்து, தூரிகையால் துளி எண்ணெய் தடவி மூடுவார். முடிந்தது என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. எதைக் கொடுத்தாலும் "இப்போதைக்கு இருக்கட்டும்" என்றுதான் கொடுப்பார். எப்போது வேண்டுமானாலும் மறுபடி பிரிக்கத் தோதாக இடுக்கியும் பையை விட்டு இறங்காது.

அவருடைய அக்கா ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்வதைக் காதில் கேட்டு அறிக்கையாக அடிக்கும் வேலை. முழங்கை நரம்பில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து, வலக்கையின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உணர்வு திரும்பவில்லை. எழுத்துகள் விட்டுப்போயின, சில இரட்டித்தன. மருந்தின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் வம்பு. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் கோப்பு அறைக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடமாகப் பார்த்த வேலை அது. தம்பி பதறிப்போய், இருப்பதிலேயே மென்மையான ஸ்விட்சுகளாகத் தேடிப் பொருத்தி ஒரு விசைப்பலகை செய்துகொடுத்தார்.

நான் பல்லை வாங்கப் போன சனிக்கிழமை மதியம், அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எப்படிக்கா? பஞ்சு மாதிரி இல்ல?"

"பஞ்சு மாதிரிதான்டா இருக்கு. அழுத்தினேனா இல்லையான்னே தெரியல. முன்னைக்கு இப்பதான் தப்பு ஜாஸ்தி."

தம்பியின் முகம் வாடிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அக்காவுக்கு நீலத் தாள் வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க அக்கா கை எனக்குத் தெரியாதா?" என்று சுள்ளென்று சொன்னார். ஆனாலும் போய்த் தாளை எடுத்துவந்தார்.

அக்கா அரைப் பக்கம் அடித்தார். இடப்பக்கப் பொத்தான்களில் மெல்லிய புள்ளிகள் விழுந்திருந்தன. வலப்பக்க ஓரத்தில், அந்த இரண்டு விரல்களும் போய்வரும் பதினொரு பொத்தான்களின் மேல், தாள் கிழிந்தே போயிருந்தது. உணர்வில்லாத விரலுக்கு உறைக்கட்டும் என்று குத்துகுத்தென்று குத்தியிருக்கிறார்.

"இப்படிக் குத்தினா வலிக்குமேக்கா" என்றார் தம்பி.

"விரல்ல தெரியல. தோள்ல தெரியுது."

பல்செட்டுக்காரர் மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்தார். வேண்டாமென்று எப்போதோ ஒதுக்கிய ஸ்விட்சுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. தொட்டாலே டக்கென்று கத்துகிற ரகம். அவற்றுக்கு ஐந்து கால், அடிப்பலகையிலோ மூன்றே துளை. அதிகப்படியான பிளாஸ்டிக் கால்களைப் பல் கம்பி வெட்டும் குறட்டால் நறுக்கி, அந்தப் பதினொன்றில் பத்துப் பொத்தான்களுக்குப் பொருத்தினார். பதினொன்றாவது, அழிக்கும் பொத்தான். அதற்கு மட்டும் தொண்டை கட்டியதுபோல ஒலிக்கும் ஒன்றைத் தேடிப் போட்டார்.

"காதுல டாக்டர் பேசிக்கிட்டு இருப்பாரேடா, இது எப்படிக் கேக்கும்?"

"ஒரு காதை டாக்டருக்குக் குடு. இன்னொண்ணை விரலுக்கு வச்சுக்க."

அக்கா தன் ஹெட்போனை மாட்டி, அதன் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பட்டறைக் கணினியில் பயிற்சிக்கான ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டார். முதலில் தயங்கித் தயங்கி அடித்தார், பிறகு வேகம் பிடித்தது. டக்டக்கென்று பட்டறை முழுக்க ஒரே சத்தம். தம்பி திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். இடுக்கி கையில் தயாராக இருந்தது. அழிக்கும் பொத்தானின் அந்தக் கட்டைத் தொண்டை ஒருமுறை ஒலித்தது. இடுக்கியை இறுக்கிப் பிடித்தார். பக்கம் முடியும்வரை அது மறுபடி ஒலிக்கவில்லை.

என் பல்லை மறந்து, திரையில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தேன். ஒரு பிசகும் இல்லை. சொன்னேன்.

"இப்போதைக்கு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். இடுக்கியை இழுப்பறைக்குள் போட்டு, முழங்காலால் தள்ளிச் சாத்தினார்.