விக்கலுக்கு யார் காரணம்

என் நாத்தனாருக்கு ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல்லின் மேல் அப்படியொரு பக்தி. நீலாய் டவுனிலிருந்து எங்கள் எஸ்டேட் வீட்டுக்கு வரும்போதெல்லாம் காரின் பின்சீட்டிலிருந்து மாதுளை, டிராகன் பழம், மங்குஸ்தான் தோலைக் காயவைத்து இடித்த பொடி என்று ஏதாவது வந்து இறங்கும். "கலரு எவ்வளவு அழுத்தமா இருக்கோ அவ்வளவு நல்லதும்மா. ஒடம்புல ஒவ்வொரு செல்லையும் காப்பாத்தும்" என்பார். எல்லாம் வாட்ஸ்அப்பில் படித்த படிப்பு.

தம்பி என்றால் அவருக்கு உயிர். அந்தத் தம்பிதான் என் கணவர். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இப்போது போர்டிக்சன் டவுனில் வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். கீரையை வேகவைத்து நீரை வடித்துவிட்டுத்தான் அவருக்குத் தாளிப்பேன். பொட்டாசியம் கூடிவிடும் என்று வாழைப்பழம் வீட்டுக்குள்ளேயே வராது. இதையெல்லாம் நாத்தனார் ஒருநாளும் மதித்ததில்லை. "பட்டினி போட்டே கொன்னுருவ போலிருக்கு" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் போய், எஸ்டேட் கோயிலில் பூஜை முடிந்து நான் வீடு திரும்பியபோது மதியமாகிவிட்டது. வாசலிலேயே விக்கல் சத்தம் கேட்டது. கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நாத்தனார் எதிரே உட்கார்ந்து உறவுக்காரர்களை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாரோய் சித்தப்பாவா?" விக்கல். "பினாங்கு மாமாவா?" விக்கல்.

விக்கல் வந்தால் நம் வீடுகளில் இதுதானே வழக்கம். யாரைச் சொல்லும்போது நிற்கிறதோ அவர்தான் நினைத்தவர். நானும் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகனை வீடியோவில் கூப்பிட்டோம். "நான் ஒண்ணும் நினைக்கல லா, இப்பத்தான் எந்திரிச்சேன்" என்றான் அவன். நாத்தனார் சீனியைக் கொடுத்தார். மூச்சை அடக்கச் சொன்னார். ஒன்றுக்கும் நிற்கவில்லை. சிரிப்பு எனக்கு எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

திடீரென்று கணவர் என்னைப் பார்த்து, "டிராக்டர் சாவி எங்க? ஆபீஸ் கிராணி ஏசப் போறாரு" என்றார். அவர் டிராக்டரை விட்டுப் பல வருஷம் ஆகிறது.

டயாலிசிஸ் சென்டரில் வேலை செய்யும் தமிழ் நர்ஸுக்குப் போன் போட்டேன். விக்கல் என்றதுமே அந்தப் பெண்ணின் குரல் மாறியது. "அக்கா, பெலிம்பிங் ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அந்தப் பழம். பக்கத்து வீட்டுக் கொல்லையில் காய்த்துக் கொட்டுகிறது. அதைக் குடுத்தீங்களா என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"ஜூஸ்தாம்மா போட்டுக் குடுத்தேன். காலையில ரெண்டு கிளாஸ். அதுல அவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் இருக்காம். மருந்தே அடிக்காத பழம்."

"கிட்னி பேஷண்டுக்கு அது விஷம்க்கா! மத்தவங்களுக்கு ஒண்ணுக்குல போயிரும், இவருக்கு ஒடம்புலயே தங்கிரும். ஃபிட்ஸ் வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!" என்று நர்ஸ் கத்தியது நாத்தனாருக்கும் கேட்டிருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

நாத்தனாரே காரை ஓட்டினார். பின்சீட்டில் கணவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான். எஸ்டேட் சாலையில் முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை. ஹாரன் அடித்து ஓய்ந்தபின் நாத்தனார் கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்து, "ஈப்போ அத்தையா இருக்குமோ?" என்றார்.

"வாய மூடிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுங்க அண்ணி!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. லோரி ஒரு வளைவில் ஒதுங்கியது. கார் பாய்ந்தது. அப்போது விக்கல் நின்றது.

"நின்னுருச்சு! தம்பி, நின்னுருச்சுடா!" என்று அவர் அழுதுகொண்டே சிரித்தார். நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன். கண் எங்கோ செருகியிருந்தது. என் கையில் இருந்த அவர் விரல்கள் தானாகத் துடித்தன. அந்த விக்கல் திரும்ப வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நேராக டயாலிசிஸுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் இருவரும் வெளியே ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். நாத்தனாரைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டேன். கணவருக்கு ஏதாவது ஆனால் இந்த மனுஷியை என் வாழ்நாளில் மன்னிக்க மாட்டேன் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. உயிர் வந்தது எனக்கு. கூடவே கோபமும் வந்தது. நாத்தனார் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

"அக்காவ ஏசாத" என்றார் கணவர். "ரெண்டாவது கிளாஸ் நான்தான் கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

"உங்களுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் பைத்தியம் புடிச்சிருச்சா?"

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும். தாகமா இருந்துச்சு."

டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தண்ணீருக்குக் கூட அளவு உண்டு. கூடினால் உடம்பில் தேங்கி மூச்சு முட்டும். காலையில் ஒரு சின்ன போத்தலில் நான் ஊற்றி வைப்பதுதான் அவருக்கு நாள் முழுக்க. ஒருநாளும் அவர் குறை சொன்னதில்லை. பழகிவிட்டது போல என்று நானும் நினைத்திருந்தேன்.

"கொஞ்சம் தண்ணி" என்றார்.

நாத்தனார் சட்டென்று எழுந்து மேசையில் இருந்த போத்தலை எடுத்தார். மூடியில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார்.

"குடுக்கலாமாம்மா?"

அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் தெரியவில்லை. நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.