இல்லி என்றால் இங்கே

அந்தப் பால்வாடி டீச்சரை இன்று பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். நாலரை வயதுப் பிள்ளையிடம் மல்லுக்கு நின்ற மகராசி அவர்.

எங்கள் வீட்டில் கன்னடம். பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்களைப் போல நிறையக் குடும்பங்கள் உண்டு. கடைக்கும் சந்தைக்கும் போகிறவர்களுக்குத் தமிழ், அடுப்படிக்குக் கன்னடம். பேர் கூப்பிட்டால் "இல்லி" என்று உரக்கச் சொல்ல வேண்டுமென்று சொல்லித்தான் அம்மா என்னை முதல் நாள் அனுப்பினாள். இல்லி என்றால் இங்கே. இங்கே இருக்கிறேன் என்று சொல்வதில் என்ன தப்பு?

டீச்சர் பேர் கூப்பிட்டார். நான் எழுந்து நின்று, தொண்டை கிழிய "இல்லி!" என்றேன்.

"இல்லியா? எதுர்ல நின்னுகிட்டே இல்லீங்கறியே, எத்தன கொழுப்பு உனக்கு!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சர் என்னை வராதவர்களோடு சேர்த்து எழுதினார். அதோடு விட்டாரா? மத்தியானம், "இல்லாத புள்ளைக்கு எதுக்குச் சோறு?" என்று ஓரமாக உட்கார வைத்தார். மற்றவர்கள் தின்று மிச்சமிருந்தால்தான் எனக்கு. தினமும் இதே கூத்து. சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நானும் தினமும் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

ஒரு மாதம் கழித்து, பிள்ளை வருவதே இல்லையென்று என் பேரை அடித்துவிட்டார்கள். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கூடவே மூன்றாம் வகுப்பு படித்த அண்ணனும் வந்தான். அங்கே தமிழில் நடந்த பேச்சு எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் பிற்பாடு அவன் சொல்லித்தான் தெரியும். பால்வாடியில் சமைக்கிற ஆயாவுக்குக் கன்னடம் வரும். அம்மா அழுதுகொண்டே சொன்னதை அவர்தான் தமிழில் சொன்னார்.

"இல்லின்னா இங்க இருக்கேன்னு அர்த்தமுங்க டீச்சர்."

"அது எனக்குத் தெரியாதுங்களா? நானும் இந்த ஊருதான?" என்றாராம் டீச்சர். "புள்ளைக்குத் தமிழ் வர வேணாமா? வூட்டுல அவங்க பேச்ச அடியோட நிறுத்தச் சொல்லுங்க. அப்பதான் பேரச் சேத்துக்குவேன்."

தெரிந்திருக்கிறது! தெரிந்தேதான் ஒரு மாதம் என்னைச் சோற்றுக்குக் காக்க வைத்திருக்கிறார், பாவி மனுஷி.

ஆயா காதோடு கன்னடத்தில் சொன்ன எல்லாவற்றுக்கும் அம்மா தலையாட்டினாள். மறுநாள் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி "உள்ளேன் டீச்சர்" என்றேன். எல்லோரோடும் உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். அந்தப் பெருமையைச் சொல்ல வீட்டுக்கு ஓடிவந்து, கன்னடத்தில் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

அம்மா "வா" என்றாள். "தின்னு" என்றாள். கதை சொல்லச் சொன்னேன். "போ, வெளாடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. வாய் ஓயாமல் பேசுகிறவள், பாட்டுப் பாடித் தலை வாருகிறவள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று எனக்கு எங்கே தெரியும்? என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, நானும் அம்மாவோடு டூ விட்டேன்.