மதிலுக்கு அந்தப் பக்கம் வேறு பெயர்

ஒரே பூவுக்கு மதிலின் இந்தப் பக்கம் கல்யாணம் என்றும் அந்தப் பக்கம் பிணம் என்றும் எப்படிப் பெயர் வந்தது? யார் யாரிடமோ கேட்டுவிட்டேன். ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வாடகை வீடு. உலகச் சண்டைக் காலம், அரிசித் தட்டுப்பாடு. பூமரங்களைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடச் சொன்னது அரசாங்கம். நான் சொன்னதைச் செய்கிறவள், நட்டேன். ரோசா போனது, மல்லிகை போனது. மதிலோரத்து நித்தியகல்யாணி மட்டும் மிஞ்சியது. எங்கள் ஊரில் அதைப் பட்டிப்பூ என்றும் சொல்வோம். உப்புக் காற்றிலும் வாடாது. காலையில் நாலு பூ பறித்துச் சாமிப் படத்துக்கு வைப்பேன்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்கு வீட்டுத் தோட்டம் பற்றி எழுதி வந்தேன். மகளுக்கு இரண்டரை வயது. அவள் பகலில் நித்திரை கொள்ளும் நேரந்தான் என் எழுத்து நேரம். கட்டுரையை அனுப்பிவிட்டு, அப்படி எழுதியிருக்கக் கூடாதோ என்று மூன்று நாள் யோசிப்பேன்.

அடுத்த வீட்டில் ஒரு சிங்கள அக்கா இருந்தார். பெண்கள் பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பித்தவர், பூக்களையே வரைவார். அவருக்குக் கொஞ்சம் தமிழ், எனக்குக் கொஞ்சம் சிங்களம், மீதிக்கு இங்கிலீஷ். ஒருநாள் என் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். நித்தியகல்யாணி ஐந்து இதழ் விரித்துச் சிரிக்கும் என்று அதில் எழுதியிருந்தேன். அந்தப் பெயர் அவருக்குப் புதிது. "எப்பவும் கல்யாணம்" என்று விளக்கினேன்.

"ஐயோ பாவம், எப்பவுமா?" என்று சிரித்தார். பிறகு, "அந்த அஞ்சு இதழும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, நங்கி?" என்றார். என்னைத் தங்கை என்று அப்படித்தான் கூப்பிடுவார்.

எனக்குத் தெரியவில்லை. தினமும் பறிக்கிற பூ! வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஐந்தும் ஒரே பக்கமாகச் சரிந்து, பிள்ளைகளின் காற்றாடி போல இருந்தன. அதைப் பார்க்காமலே அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

அடுத்த மாதம் அவர் படுக்கையில் விழுந்தார். வயிற்றில் ஏழு மாதம். முன்பு ஒரு தடவை பிள்ளை தங்காமல் போனதால், எழும்பவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்துக்கு வர முடியாதவருக்குத் தோட்டத்தைக் கொண்டுபோனால் என்ன என்று நினைத்தேன். ஒரு ரோசாநிறச் செடியைக் கிண்டிச் சட்டியில் வைத்து, கட்டிலருகே யன்னலில் வைத்தேன்.

வேலைக்கார அம்மா தேத்தண்ணியுடன் உள்ளே வந்து திடுக்கிட்டாள். "அய்யோ நோனா! மினீ மல்!"

அக்கா பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் கந்தோர் வேலை முடிந்து வந்த கணவரிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன்.

"மல் எண்டால் பூ. மினீ எண்டால் பிணம். சவக்காலையில நிக்கிற பூவெல்லே! நீர் ஆருக்குக் குடுத்தனீர்?"

சொன்னேன். அவர் சேட்டைக் கழற்றியபடி, "நல்ல காலம், மாலையாக் கட்டிக்கொண்டு போகேல்லை" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நீர் ஏன் இப்ப அழுறீர்? தெரியாமச் செய்தது."

தெரியாமல்தான். ஆனால் அந்த வயிற்றுப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்? முதல் பிள்ளையை இழந்த ஒரு தாயின் தலைமாட்டில் சவக்காலைப் பூவை வைத்தவள் நான் என்பது மாறுமா? அடுத்த நாள் காலையில் சட்டி எங்கள் மதிலின் மேல் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் செடியையும், மதிலோரத்தில் நின்ற அத்தனையையும் பிடுங்கி எறிந்தேன். அந்த யன்னல் எங்கள் கிணற்றடியைப் பார்த்திருக்கும். மூன்று நாள், அது சாத்தியிருக்கிற நேரம் பார்த்தே தண்ணீர் அள்ளினேன்.

நாலாம் நாள் யன்னலால் பார்த்த அக்காவிடம் பிடிபட்டேன்.

"நங்கி! எங்க என்ட பூ? தண்ணி ஊத்த நீ கொண்டு போனது எண்டு சொன்னா. மூண்டு நாளாத் தண்ணியா ஊத்துறாய்? படம் பாதிதான் கீறியிருக்கு!"

சட்டியை மதிலில் வைத்ததும் அப்படிச் சொன்னதும் வேலைக்கார அம்மா. அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. நான் வாளியோடு நின்று தடுமாறினேன். "அக்கா, உங்கட ஆக்களுக்கு அது செத்தவீட்டுப் பூவெல்லோ..."

"ஓம், சவக்காலை நிறைய அதுதான். அங்க ஒருத்தரும் தண்ணி ஊத்திறல்ல. அப்பிடியும் பூக்குதே. எனக்கு இப்ப அந்த மாதிரிப் பூதான் வேணும். ஓடு, கொண்டு வா!"

கொண்டுவர ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒழுங்கை முடிவுக்கு ஓடினேன். தண்டவாளத்தைக் கடந்தால் கருங்கல், கல்லுக்கு அப்பால் கடல். "அம்மா, பூ!" என்று கண்டது மகள்தான். கல்லிடுக்கில் ஒரே ஒரு செடி. ஆனால் வெள்ளைப் பூ, நடுவில் சிவப்புக் கண். நிறம் வேறு, பிழையாகிவிடுமோ என்று யோசித்துக்கொண்டே கிண்டினேன்.

வேலைக்கார அம்மா வாசலில் என்னை மறித்தாள். உள்ளேயிருந்து அக்கா சிங்களத்தில் ஏதோ சொல்ல, முணுமுணுத்தபடி விலகினாள். அன்றிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை, ஒவ்வொரு காலையும் அந்த யன்னல் திறந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு காலையில் அரிசி கழுவிக்கொண்டு நின்றபோது மதிலுக்கு மேலாக அழுகைச் சத்தம் கேட்டது. பலத்த அழுகை. மருத்துவிச்சி யன்னலால் எட்டிப்பார்த்து, "கெல்லெக்! பொம்பிளைப் பிள்ளை!" என்று இரண்டு பாஷையிலும் கத்தினாள். அரிசிக் கழுநீரைக் காலில் ஊற்றிக்கொண்டேன்.

பிறந்து முப்பத்தொரு நாள் கழிந்து பிள்ளையைப் பார்க்கப் போனபோது, அக்கா அந்தச் சித்திரத்தை என் மகளுக்கென்று தந்தார். ஒரே செடியில் ரோசாநிறமும் வெள்ளையுமாகப் பூக்கள், எல்லா இதழும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. கீழே பென்சிலால் ஒரு கோடு. "பேரை நீ எழுது. எழுதுற ஆள் நீதானே" என்றார்.

இப்போது இரண்டு பிள்ளைகளும் அந்த மதிலோரத்தில்தான் விளையாடுகிறார்கள். மகள் சித்திரத்தைக் காட்டி, "இதென்ன பூ?" என்று கேட்கிறாள். அந்தக் கோடு இன்னும் வெறுமையாக இருக்கிறது. நித்தியகல்யாணி என்று எழுதினால் அக்காவின் வீட்டுச் சொல்லை மறைத்தது போலாகும். மினீ மல் என்று எழுத எனக்குக் கை வராது. பட்டிப்பூ என்று எழுதித் தப்பிக்கலாமோ என்றும் நினைக்கிறேன். வாசகர்களே, உங்கள் வீட்டுச் சுவரில் அந்தச் சித்திரம் தொங்கினால் நீங்கள் என்ன பெயர் எழுதுவீர்கள்? தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.