மூன்றாவது வளைவில் தொலைந்த ஒரு செகண்ட்

எங்கள் வீட்டுக்காரர் கார் ஓட்டுகிறவர் என்று சொன்னால் டிராவல்ஸா, கால் டாக்ஸியா என்றுதான் கேட்பார்கள். ரேஸ் டிராக்கில் என்று சொல்வேன். உடனே என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இந்தப் பொம்பளை சும்மா அளக்கிறாள் என்று அவர்கள் முகத்திலேயே தெரியும். எனக்குக் கடுப்பாக இருக்கும். உங்களுக்குப் புரியவைத்து எனக்கென்ன ஆகப்போகிறது என்று கிளம்பிவிடுவேன்.

உண்மையில் அவர் பந்தயம் எதிலும் ஓடுகிறவர் இல்லை. பூந்தமல்லி தாண்டிப் போனால் ஒரு டிராக் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டு அதை எப்படி ஓட்டுவது என்று தெரியாமல் முழிக்கிற பணக்காரர்களுக்கு அங்கே ஒரு சின்ன கம்பெனி பயிற்சி கொடுக்கிறது. அந்தக் கம்பெனியில் இவர் டிரைவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எப்படி என்று ஓட்டியும் காட்ட வேண்டும். கம்பெனிக்கு இரண்டு கார். சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. நிறத்தைத் தவிர இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது. இன்னொரு டிரைவரும் உண்டு, அண்ணனூர்க்காரர். இவரைவிட நாலைந்து வயது சின்னவர். இவரை வாய் நிறைய ‘அண்ணாத்தே’ என்பார்.

மாதத்தில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்குள், இரண்டு காரையும் டிராக்கில் விட்டு ஒவ்வொரு ரவுண்டுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு கார் பின்தங்கினால் அம்பத்தூரில் இருக்கும் வொர்க்‌ஷாப்புக்குப் போகும். வேலை முடிந்து வந்ததும் டிரைவர்களை மாற்றி உட்கார வைப்பார்கள். சிவப்பில் ஓட்டியவர் மஞ்சளில், மஞ்சளில் ஓட்டியவர் சிவப்பில். அப்போதும் அதே கார் பின்தங்கினால் கோளாறு காரில். ஆள் மாறியதும் மற்ற கார் பின்தங்கினால் கோளாறு ஆளில். இதைக் கல்யாணமான புதிதில் அவர் எனக்கு இரண்டு தீப்பெட்டியை வைத்து விளக்கினார். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவர் என்றைக்கும் ஒரு கண் சிமிட்டும் நேரம் முன்னாலேயே இருப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மாசி மாதம் அவர் ஓட்டிய மஞ்சள் கார் ஒரு செகண்ட் பின்தங்கியது. நமக்கு ஒரு செகண்ட் என்பது தும்முகிற நேரம். அங்கே அது பெரிய அவமானம். காரை வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார்கள். டயரை மாற்றி, பிரேக்கைப் பிரித்துப் போட்டு, எல்லாம் சரி என்று திருப்பி அனுப்பினார்கள். ஆளை மாற்றி உட்கார வைத்தார்கள். மஞ்சள் பறந்தது. இவர் ஓட்டிய சிவப்பு ஒரு செகண்ட் பின்தங்கியது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்தவர் வழக்கம் போலச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் காலை நான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டார். எல்லாவற்றையும் கழற்றினார். மறுபடியும் முதலிலிருந்து போட்டார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் விரல்களையே பார்த்தேன்.

ஏன் என்றால் என் மாமனாருக்கு அது பொத்தானில்தான் ஆரம்பித்தது. ஆவடி ஃபேக்டரியில் லேத் ஓட்டிய மனிதர், இரும்பு மாதிரி கை. ஐம்பதைத் தாண்டுவதற்குள் வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் பொத்தான் போட வரவில்லை, பிறகு ஸ்பூன் பிடிக்க வரவில்லை. நான் மருமகளாக ஆவடி பக்கத்துக் கோவில்பதாகைக்கு வந்தபோது நான்தான் அவருக்குச் சோறு ஊட்டினேன். வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பார். அந்த நோய் பரம்பரையாக வருமா, வராதா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் வந்துவிடும் என்கிற மாதிரி எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒரு பழக்கம். சாதாரணமாக அவரை ‘என்னங்க’ என்பேன். கோபம் வந்தால் ‘யோவ்’ ஆகிவிடும். அன்றைக்குச் சாயங்காலம் எடுத்த எடுப்பிலேயே யோவ்தான்.

“யோவ், இப்ப சொல்லப்போறியா இல்லையா? கையில என்ன?”

தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். “கை எனக்குத் தெரியாமயே ஆடுதும்மே. முதலாளி கம்ப்யூட்டர்ல காட்டுனாரு. மத்த எடத்துல எல்லாம் நான்தான் பாஸ்ட்டா கீறேன். மூணாவது வளைவு வர்றதுக்கு முன்னாடி ஒரு எடம். அங்க ஒவ்வொரு தபாவும் ஸ்டேரிங் ஒரு ஆட்டம் ஆடுது, காலும் ஆக்சிலேட்டர்ல இருந்து எழும்புது. எனக்கு ஒண்ணுமே தெரியல. நான் பாட்டுக்கு ஓட்டிகினு கீறேன்.”

“முதலாளி என்ன சொன்னார்?”

“நரம்பு டாக்டராண்ட காட்டி, கை நல்லா கீதுன்னு எழுதி வாங்கிகினு வரச் சொன்னாரு. அது வரைக்கும் கஸ்டமர் கூட உட்கார வேணாமாம். அவரு சொல்றதும் நியாயம்தானே. அந்த வேகத்துல கை ஆடுச்சுன்னா பக்கத்துல கீறவன் கதி இன்னா ஆவறது?” அப்படிச் சொல்லிவிட்டு வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி சமையலறைக்குப் போய்விட்டேன்.

டாக்டர் அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருந்தார். ஒரு வாரம்! அது வரை நான் என்ன, அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? டீ குடித்தால் பார்க்கிறேன், செருப்பு மாட்டினால் பார்க்கிறேன். வீட்டில் ஒன்றும் ஆடவில்லை. பிறகு ஏன் அங்கே மட்டும், அதுவும் அந்த ஒரே இடத்தில் மட்டும் ஆட வேண்டும்? சாமி, நோய்க்குக்கூடவா இடம் பார்த்து வரத் தெரியும்? எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணால் பார்க்கிறேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டேன்.

முதலாளி முதலில் தயங்கினார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். “வேண்டாம்மா, அந்த வேகம் உங்களுக்குத் தாங்காது” என்றார்.

“கஸ்டமர் பொண்டாட்டிங்க எல்லாம் உட்கார்ந்து போறாங்களே சார். அவங்களுக்குத் தாங்கினா எனக்கும் தாங்கும்” என்றேன். மெதுவாகவே ஓட்ட வேண்டும் என்று கண்டிஷன் போட்டு ஒத்துக்கொண்டார்.

என் கொண்டைக்கு ஹெல்மெட் ஏறவில்லை. கொண்டையை அவிழ்த்து, பின்னல் போட்டு, புடவையைச் செருகி, குனிந்து அந்தக் காருக்குள் போவதற்குள் உயிர் போனது. தரையில் பாய் போட்டு உட்கார்ந்த மாதிரி அவ்வளவு தாழ்வு. பெல்ட்டை அண்ணனூர்க்காரர்தான் இழுத்து மாட்டினார். “அண்ணி, வாந்தி வந்தா ஹெல்மெட்டைக் கழட்டிகினு எடுங்க” என்று புத்திமதி வேறு.

முதல் ரவுண்டில் நான் கண்ணையே திறக்கவில்லை. இதற்குப் பெயர் மெதுவாகவாம்! வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். இரண்டாவது ரவுண்டில்தான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து அவர் கையைப் பார்த்தேன். வெளியே என்ன ஓடுகிறது என்று பார்க்கவே இல்லை. கையை மட்டும் பார்த்தேன்.

முதல் வளைவு. கை அசையவில்லை. இரண்டாவது வளைவு. எவ்வளவு அழகாகத் திருப்புகிறார் இந்த மனிதர் என்று அந்தப் பயத்திலும் தோன்றியது. பிறகு ஒரு நேர் ரோடு. அதன் முடிவில் மூன்றாவது வளைவு தெரிந்தது. அப்போது வலது கை ஸ்டீரிங்கை விட்டு எழும்பியது.

கை மேலே வந்தது. நெஞ்சைத் தொட்டது. அங்கிருந்து ஹெல்மெட்டின் வாய்ப்பக்கம் போய் ஒற்றிவிட்டு, சமர்த்தாக ஸ்டீரிங்குக்குத் திரும்பிவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்தது. நான் நிமிர்ந்து எதிரே பார்த்தேன். டிராக்கின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், பச்சையும் நீலமும் ரோஸுமாக, புத்தம்புதுப் பெயிண்ட் அடித்து, கலசம் பளபளக்க ஒரு கோபுரம்.

“யோவ்!” என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு ரவுண்டு போனார். அதே இடம், அதே கோபுரம். கை எழும்பியது, நெஞ்சைத் தொட்டது, ஹெல்மெட்டில் ஒற்றியது, திரும்பிப் போனது.

கார் நின்றதும் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். “அடப்பாவி மனுஷா! கும்பிடறியாய்யா! ரேஸ் கார்ல போய்க்கிட்டே சாமி கும்பிடறியா!”

“யாரு? நானா?” என்றார். சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கும் தெரியவில்லை. முதலாளி ஓடி வந்து, “என்னம்மா, என்ன ஆச்சு?” என்று பதறினார். சொன்னேன். அவர் மதில் சுவரைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், பிறகு அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கல்லவா தெரியும் அந்தக் கையை! பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து எத்தனை வருஷமாகப் போகிறேன். ஆவடியிலிருந்து அம்பத்தூர் போவதற்குள் எத்தனை கோயில் உண்டோ அத்தனைக்கும் கை எழும்பும், நெஞ்சைத் தொடும், உதட்டில் ஒற்றும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். பேசிக்கொண்டே வருவார், பேச்சு நிற்காது, கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். சண்டை போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது. டிராக் பக்கத்துக் கோயில் அதுவரை மதிலுக்குப் பின்னால் மறைந்திருந்ததாம். தை மாதம் கும்பாபிஷேகம் முடிந்து சாரத்தைப் பிரித்த பிறகுதான் புதுக் கோபுரம் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதுவும் சரியாக அந்த ஓர் இடத்திலிருந்துதான் கண்ணில் படும்.

அண்ணனூர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “நான் சர்ச்சுக்குப் போறவன் அண்ணாத்தே, தப்பிச்சேன். அங்க ஒரு மாதா கோயில் கட்டியிருந்தா என் டைமும் அம்பேல்!”

இருந்தாலும் டாக்டரை நான் விடவில்லை. மூக்கைத் தொடச் சொன்னார், விரலை மடக்கி விரிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு, கையில் எந்த நடுக்கமும் இல்லை, அப்பாவுக்கு இருந்ததை நினைத்து நீங்களாகப் பயந்துகொள்ள வேண்டாம் என்றார். வெளியே வந்து ரோட்டோரக் கடையில் ஆளுக்கொரு பால் சர்பத் குடித்தோம். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

அடுத்த ஒப்பீட்டு நாளுக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்.

“இன்னாம்மே பண்றது? இப்ப தெரிஞ்சே கும்புடாம போவணும். கண்ணுல படுதே. மனசு ஒரு மாதிரி கீது.”

“ரெண்டு கையையும் ஸ்டீரிங்லயே வைங்க. ஒவ்வொரு ரவுண்டுக்கும் உங்களுக்கும் சேர்த்து நான் கும்பிட்டுக்கிறேன்” என்றேன். அரை மனதோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்றாவது வளைவு தெரிகிற மாதிரி கம்பி வலைக்குப் பின்னால் போய் நின்றேன். சிவப்பு அவர், மஞ்சள் அண்ணனூர்க்காரர். ஒருவர் போய்க் கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர். போனார்கள், வந்தார்கள், மறுபடியும் போனார்கள். எல்லாம் முடிந்து முதலாளி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பழையபடி ஒரு கண் சிமிட்டும் நேரம் இவர் முன்னால்.

இவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. நேராக என்னிடம் வந்தார். “எல்லா ரவுண்டும் கும்ட்டியா?”

“எங்கங்க கும்பிடறது? நீங்க வர்ற வேகத்தைப் பார்த்து ரெண்டு கையாலயும் இந்த வலையைப் புடிச்சிக்கிட்டு நின்னேன்” என்றேன். உள்ளங்கையைக் காட்டினேன். கம்பியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

“ஐயய்யோ, அப்ப சாமிக்கு இன்னிக்கு யாருமே கும்பிடு போடலியா?” என்று பதறிப்போய் பைக்கை எடுத்தார். டிராக்கைச் சுற்றிக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போனோம். இத்தனை நாளாக வேகத்தில் கும்பிட்ட சாமியை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார். யார் என்ன என்றுகூட அதுவரை தெரியாது, அம்மன்தான். அர்ச்சகர் தீபம் காட்டினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்து, தலைக்கு மேல் உயர்த்தி, ரொம்ப நேரம் அப்படியே நின்றார். நான் அம்மனைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே அசையாமல் நின்ற அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.